ஆறாங்கூப்பு ஜீப் எதைத் தடுத்தது?

நடந்த ஒன்றை எண்ணுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நடக்காத ஒன்றை எண்ண வேண்டுமென்றால் டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டும். ஆறாங்கூப்புக்கு அப்படி வந்தவர் டாக்டர் கிருஷ்ணமணி. ஊசி போடுகிற டாக்டர் அல்ல, திட்டங்களை மதிப்பிடுகிற டாக்டர்.

ஆறாங்கூப்பு என்பது கீரிப்பாறைக்கும் மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற தொழிலாளர் குடியிருப்பு. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மரங்களுக்கு நடுவே நடந்துதான் ஏற வேண்டும். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும், பன்றி குறுக்கே ஓடும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. அதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. ஏறி வர முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் 'வளரிளம் மலர்ச்சித் திட்டம்' ஒரு ஜீப்பை அனுப்பியது. ஜீப் காலையில் பெண்பிள்ளைகளை அடிவாரத்தில் இறக்கிவிடும்; சாயங்காலம் அங்கே காத்து நின்று, பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேலே வரும். ரப்பர் ஷீட் உலர்த்துகிற பழைய புகைப்புரையை வெள்ளையடித்து அதில் டியூஷன் நடத்தினார்கள். வாசலில் ஒரு வாலிபால் வலையும் கட்டினார்கள். பிள்ளைகள் பத்தோடு நிற்காமல் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று போக ஆரம்பித்தார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம்.

திட்டத்தின் நோக்கம் என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மறைத்து வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜீப்பின் பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் அதைப் படிக்கலாம். ஆறாங்கூப்பில் ஜீப்புக்குப் பின்னால் எந்த வண்டியும் வருவதில்லை. பள்ளிப் பருவத்துப் பெண்கள் கர்ப்பமாவதைத் தடுப்பதுதான் அந்த நோக்கம் என்று ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி ராஜையனுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், மகள் ஆன்ஸ்லினை அதில் ஏற்றியிருப்பாரா என்பது சந்தேகம். அவருக்கு அது ஜீப். மகளுக்குப் பார்மசி படிக்க ஆசை. ஜீப் வந்தால் அவள் பிளஸ் டூ முடிப்பாள். அதற்குமேல் அவர் யோசித்ததில்லை.

டாக்டர் கிருஷ்ணமணி வந்த அன்று, மாவட்டத் திட்ட அலுவலர் சிவபிரசாத் இளநீரும் பூச்செண்டுமாக அடிவாரத்திலேயே நின்றார். புகைப்புரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் மதிப்பீடு தொடங்கியது.

"திட்டத்துக்கு முன்னால் இந்த ஊரில் எத்தனை பேர் கர்ப்பமானார்கள்?"

"யாரும் இல்லை சார்."

"இப்போது?"

"இப்பவும் யாரும் இல்லை சார்," என்றார் சிவபிரசாத் பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "அப்படியானால் ஜீப் என்ன செய்தது?"

"பிள்ளைகளை ஏத்திட்டு வந்தது சார்."

"அது போக்குவரத்து. நான் கேட்பது தாக்கம். முதலிலேயே யாரும் இல்லை என்றால் நீங்கள் எதைக் குறைத்தீர்கள்? முன்பு நாலைந்து பேராவது இருந்திருந்தால் உங்களுக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்."

சிவபிரசாத் தலைகுனிந்தார். "ஊரைத் தேர்ந்தெடுத்ததில் தவறு நடந்துவிட்டது சார். கொஞ்சம் மோசமான ஊராகப் பார்த்திருக்க வேண்டும்."

டாக்டர் கிருஷ்ணமணி இரக்கமுள்ளவர். அவரும் தக்கலைப் பக்கத்துக்காரர்தான், டெல்லிக்குப் போய்ப் பெரிய ஆளானவர். கணக்கு இல்லாவிட்டால் கதையாவது வேண்டும் என்றார். வாழ்க்கை மாறிய கதை ஒன்று. பயனாளி தன் வாயால் சொல்ல வேண்டும், முன்பு எப்படி இருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள் என்று.

மறுநாள் கூட்டம். அதற்கு முன்பே சிவபிரசாத் பிள்ளைகளிடம் பேசிவிட்டார். "முன்பு, இப்போதுன்னு கேப்பாங்க. நல்லாச் சொல்லணும். சொல்லலேன்னா ஜீப் நின்னுபோகும். நான் பயமுறுத்தல, உள்ளதைச் சொல்றேன்."

இந்த இடத்தில் ஆறாங்கூப்புக் கிறிஸ்தவச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே சனிக்கிழமைதோறும் வாலிபர் கூட்டத்தில் பிள்ளைகள் சாட்சி சொல்வார்கள். சாட்சிக்கு ஒரு முறை உண்டு. முதலில் குழி, பிறகு கை. நான் எப்பேர்ப்பட்ட குழியில் கிடந்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும், என்னைத் தூக்கிவிட்ட கையைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டும். குழி எவ்வளவு ஆழமோ, ஆமென் அவ்வளவு சத்தமாக வரும். போன மாதம் ஆன்ஸ்லின், தான் அழிவின் வாசலில் நின்ற பெரும்பாவி என்று கண்ணீரோடு சொன்னாள். ஜெபம் செய்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போனில் நாடகம் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் பாவம். சபையில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கணக்கு தெரியும். சாட்சியில் சொல்வதைக் நாலால் வகுத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

டாக்டர் கிருஷ்ணமணி வகுக்கவில்லை.

"முன்பு எப்படி இருந்தாய் அம்மா?" என்று அவர் கேட்டதும் ஆன்ஸ்லின் எழுந்தாள், கண்ணை மூடினாள், கையைக் கூப்பினாள். "நான் முன்னே வழி தெரியாம அலைஞ்சேன். இந்த ரப்பர்க் காட்டுலே என்னைக் காக்க ஒருத்தரும் இல்லாம நடந்தேன். நான் கெட்டு அழிஞ்சு போக வேண்டியவ. ஒரு அடி பெசகியிருந்தா இன்னைக்கு இந்த எடத்துலே நின்னிருக்க மாட்டேன். அப்பந்தான் இந்த ஜீப்பு வந்து என்னைத் தூக்கி எடுத்துது. இன்னைக்கு நான் புது மனுசியா நிக்கேன்."

"ஆமென்," என்றது புகைப்புரை. அதில் பலத்த குரல் அவள் அம்மா ஜெயபாயுடையது. ராஜையன் பக்கத்திலிருந்தவரிடம், "கொள்ளாம், பதறாம சொல்லிட்டா," என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். 'தாயும் உறுதிப்படுத்தினார்' என்று எழுதிக்கொண்டார். பிறகு ஆன்ஸ்லினை வாலிபால் வலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவளும் சிரித்தாள்.

மழை விட்ட ஒரு நாள், அடிவாரத்தில் கோலப்பனின் சாயாக்கடைக்கு எதிரே ஒரு பெரிய பிளெக்ஸ் வந்து நின்றது. ஆள் உயரத்தில் ஆன்ஸ்லின் சிரிக்கிறாள். மேலே, 'விழ இருந்தாள், தடுத்தோம்.' கீழே, 'பள்ளிப் பருவக் கர்ப்பத்திலிருந்து காப்பாற்றப்பட்ட ஜாஸ்பின்.' அதற்கும் கீழே சிறிய எழுத்தில், 'பாதுகாப்புக் கருதிப் பெயர் மாற்றப்பட்டுள்ளது.'

ராஜையன் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். "கோலப்பா, இவிய எதைத் தடுத்தாவளாம்?"

கோலப்பன் சாயாவை ஆற்றிக்கொண்டே வேறுபக்கம் பார்த்தான். "எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி. எழுதியிருக்கத நீங்களே வாசிச்சிட்டியள்லா."

சாயா ஆறும்வரை ராஜையன் அங்கேயே நின்றார். அதற்குள் எட்சன் ஓடி வந்தான். எட்சன் அடுத்த வீட்டுக்காரன். அவனுடைய மகள் பெயர் ஜாஸ்பின்.

இருவரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்குப் போனார்கள். சிவபிரசாத் அவர்களை உட்காரச் சொன்னார், சாயாவும் வாங்கிக் கொடுத்தார். திட்ட அலுவலகத்தில் மரியாதைக்குக் குறைவில்லை.

"சாரே, அந்த போர்டுலே இருக்கது எனக்க மவளாக்கும்," என்றார் ராஜையன்.

"எப்படிச் சொல்றீங்க? பேர் ஜாஸ்பின்னு போட்டிருக்கே."

"படம் எனக்க மவளுக்க படமாக்கும்."

சிவபிரசாத் வருத்தமாகப் பார்த்தார். "பேரை மாத்தி அவளோட அடையாளத்தைப் பாதுகாத்து வச்சிருக்கோம். நீங்களே வந்து இது என் மகள்னு எல்லாரும் கேக்கும்படி சொன்னா என்ன அர்த்தம்? தகப்பனே இப்படிச் செஞ்சா நாங்க எப்படிப் பாதுகாக்கிறது?"

"ஜாஸ்பின் எனக்க மவ," என்றான் எட்சன்.

"படத்துல இருக்கறது உங்க மகளா?"

"இல்ல."

"அப்போ உங்களுக்கு என்ன பாதிப்பு?"

வட்டாரத்துக்குப் பொருத்தமான பெயராக இருக்க வேண்டும் என்பதற்காக, ஜீப்பில் வரும் பிள்ளைகளின் பெயர்களில் இருந்தே ஒன்றை எடுத்ததாக அவர் விளக்கினார். கண்ட பெயரையும் வைத்தால் மண்ணின் மணம் இருக்காதாம். புகார் கொடுப்பதற்கும் அவர்களுக்கு வழியில்லை. பெயருக்கு உரியவளின் படம் அதில் இல்லை. படத்துக்கு உரியவளின் பெயர் அதில் இல்லை. பெயரும் படமும் ஒருசேரப் பொருந்துகிற ஒருத்தி வந்து கேட்டால் உடனே பரிசீலிப்பதாகச் சொன்னார்.

"அவ அப்பிடிப்பட்ட பிள்ளை இல்ல சாரே," என்றார் ராஜையன்.

"இப்போ இல்ல. நாங்களும் அதைத்தானே சொல்றோம்."

"முன்னேயும் இல்ல."

"அதை நீங்க எப்படிச் சொல்ல முடியும்? ஜீப் வராம இருந்திருந்தா என்ன நடந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

ராஜையன் நேர்மையாக யோசித்தார். "பிள்ளை நடந்து வந்திருக்கும்."

சிவபிரசாத் சிரித்தார். கதையை வாபஸ் வாங்கினால் அறிக்கை விழும், அறிக்கை விழுந்தால் ஜீப் நிற்கும், இத்தனை பிள்ளைகளின் படிப்பை ராஜையன் கெடுக்க விரும்புகிறாரா என்று கேட்டார். ராஜையன் விரும்பவில்லை. சாயாவுக்கு நன்றி சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

வீட்டில் ஆன்ஸ்லின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் வகுப்புக் கரும்பலகையில் 'தடுத்தோம்' என்று எழுதிவைத்திருந்தார்கள். டீச்சர் அழித்தார், மறுநாளும் எழுதினார்கள்.

"நான் கூடுதலா சொல்லிட்டேம்பா," என்றாள். "ஜீப்பு நின்னுபோவும்னு அந்த சார் சொன்னாரு. அதுக்காகத்தான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். சபையிலே சொல்லுகது போலதான் சொன்னேன்."

"நீ நல்லாத்தான் சொன்ன மக்கா. கேட்டவங்களுக்குத்தான் கேக்கத் தெரியல்ல," என்றார் ராஜையன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவருக்கும் இல்லை.

திட்டத்தின் வெற்றி விழா கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஹோட்டலில் நடந்தது. ஆன்ஸ்லினுக்குக் கேடயம் உண்டு என்று அழைப்பு வந்தது. அவள் போகவில்லை. பெரிய டாக்டரிடம் நேரிலேயே சொல்லிப் பார்க்கலாம் என்று ராஜையன் போனார். அவரை முதல் வரிசையில் உட்காரவைத்து, சட்டையில் 'பயனாளியின் தந்தை' என்ற அட்டையைக் குத்திவிட்டார்கள்.

டாக்டர் கிருஷ்ணமணி பேசினார். "நண்பர்களே, ஒரு பெண் துணிந்து எழுந்து, நான் விழ இருந்தேன் என்றாள். மற்றவர்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கூச்சம். நம் பண்பாடு அப்படி. துணிந்த ஒருத்தியே விழ இருந்தாள் என்றால், கூச்சப்பட்டவர்களின் நிலை என்ன? ஆகவே அந்த ஜீப்பில் ஏறிய ஒவ்வொரு பெண்ணையும் காப்பாற்றப்பட்டவளாகவே கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். இதைவிட நேர்மையான மதிப்பீட்டை நான் செய்ததில்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ராஜையன் தன் பேச்சைச் சொல்ல எழுந்தபோது அவர் கையில் கேடயத்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு சாப்பாடு. டாக்டருக்கு விமானம் இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் பேச்சு வந்தது. ஜீப்பில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் காப்பாற்றப்பட்டவள் என்பதை ஆறாங்கூப்பு தாய்மார்கள் கோலப்பன் கடையில் நின்று படித்தார்கள். அன்று சாயங்காலம் ஜீப்பில் யாரும் ஏறவில்லை. பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப்பை ஏறிட்டும் பாராமல் நடந்து மலை ஏறினார்கள். ஜீப் அவர்களுக்குப் பின்னாலேயே காலியாக ஊர்ந்து வந்தது. இப்போதும் அதன் பின்பக்கத்தைப் படிக்க ஆளில்லை.

ஆனி, ஆடி மழை பிடித்ததும் நடப்பவர்கள் குறைந்தார்கள். எட்சன் ஜாஸ்பினைக் குலசேகரத்தில் அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டான், வீட்டுவேலைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றார்கள். புகைப்புரையில் டியூஷன் டீச்சர் தனியாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார். சிவபிரசாத் வந்து பார்த்துவிட்டு மேலிடத்துக்கு எழுதினார், 'சேவைக்கான தேவையே முற்றிலும் நீங்கிவிட்டது' என்று. திட்டத்தின் வரலாற்றில் இப்படி ஒரு வெற்றி எந்த ஊரிலும் கிடைத்ததில்லை.

ஆன்ஸ்லின் பள்ளிக்கூடம் போய் ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. இந்த வாரம் வராவிட்டால் பரீட்சை எழுத வருகை நாள் போதாது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். இதற்கிடையில் ஜெயபாயின் அண்ணன் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் பலசரக்கு வியாபாரம். போர்டைப் பார்த்திருக்கிறான், ஆனாலும் பெரிய மனசாம்.

"பதினெட்டு முடிஞ்ச மறுநாளே வச்சிரலாம்னு அண்ணன் சொல்லுகாரு," என்றாள் ஜெயபாய். "வேற ஆரு இவளைக் கெட்டுவா? நீங்க சொல்லுங்க."

"அவ என்ன செஞ்சிட்டான்னு இப்பிடிப் பேசுக?"

"ஒண்ணும் செய்யல்ல. அது எனக்கும் ஒங்களுக்கும் தெரியும். ரோட்டுலே போறவனுக்குத் தெரியுமா?" ஜெயபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் அன்னைக்கு ஆமென் சொல்லிட்டேனே."

ராஜையன் மறுபடியும் நாகர்கோவில் போனார். இந்தத் தடவை சிவபிரசாத் ஒரு வழி சொன்னார். தொடர் மதிப்பீட்டுக்கு டாக்டர் திரும்ப வருகிறார். எந்தக் குறையானாலும் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம். அங்கே சொன்னால்தான் அறிக்கையில் ஏறும். அறிக்கையில் ஏறினால் பிளெக்ஸை எடுக்க உத்தரவு கேட்கலாம். ராஜையனுக்கு உயிர் வந்தது. பிளெக்ஸ் போய்விட்டால் பிள்ளைகள் ஜீப்பில் ஏறுவார்கள். ஆன்ஸ்லினும் ஏறிவிடுவாள், பரீட்சைக்கு வழி பிறக்கும். மரத்தில் பால் வெட்டும்போதெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தார். கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார்.

கூட்ட நாளில் புகைப்புரை நிறைந்திருந்தது. பிள்ளைகள் யாரும் இல்லை, பெற்றவர்கள்தான். டாக்டர் கிருஷ்ணமணி கனிவோடு கேட்டார். "சொல்லுங்கள். முன்பு எப்படி? இப்போது எப்படி?"

ராஜையன் எழுந்தார். கூட்டத்தில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. தெரிந்தது சாட்சி ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

"முன்னே எனக்க மவ ஜீப்புலே போனா சாரே. ஜீப்புலே வந்தா. இந்த எடத்துலேதான் இருந்து படிச்சா. அந்தா அங்கன பந்து வெளையாடினா. பார்மசி படிக்கணும்னு சொன்னா. ராத்திரி சாப்பிடும்போ மருந்துக்க பேரெல்லாம் சொல்லித் தருவா, எனக்கு வாயிலே வராது, சிரிப்பா. இப்பம் ஜீப்பு காலியா வருது. அவ படிக்கப் போறதில்ல. ஆருகிட்டேயும் பேசுகதும் இல்ல. சுவரைப் பாத்து இருக்கா. கலியாணம் பேசியாச்சு. இதாக்கும் இப்பம்."

அவர் நிறுத்தினார். சாட்சி இப்படி முடியக் கூடாது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வெளிச்சத்தில் தொடங்கிக் குழியில் முடிகிற சாட்சியை அவர்கள் கேட்டதே இல்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை. ஜெயபாய் சத்தமில்லாமல் அழுதாள்.

டாக்டர் கிருஷ்ணமணி நெற்றியைச் சுருக்கினார். சிவபிரசாத் அவர் காதருகே குனிந்தார். "பெரியவர் பதட்டத்துல முன்னையும் பின்னையும் மாத்திச் சொல்லிட்டார் சார்."

டாக்டரின் நெற்றி தெளிந்தது. "நானும் அப்படித்தான் நினைத்தேன். கிராமத்து மக்களுக்குக் கால வரிசை கொஞ்சம் சிரமம்." அவர் தாளில் இரண்டு அம்புக்குறி போட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "முன்பு, மகள் படிக்கப் போகவில்லை. யாரிடமும் பேசவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சிறு வயதிலேயே திருமணம் பேசினார்கள். இப்போது, ஜீப்பில் போகிறாள். படிக்கிறாள். விளையாடுகிறாள். பார்மசி படிக்க ஆசைப்படுகிறாள். சரிதானே?"

"இல்ல சாரே, அது..."

"உணர்ச்சிவசப்பட வேண்டாம். உட்காருங்கள். இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது." டாக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. இந்த ஊர் வழக்கத்தை அவர் நன்றாகக் கவனித்து வைத்திருந்தார். மக்களின் பண்பாட்டை மதிப்பவர். கண்ணை மூடி, உரத்த குரலில், "ஆமென்," என்றார்.

சிவபிரசாத்தும் சொன்னார். டியூஷன் டீச்சரும் சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை.

வெளியே வாலிபால் வலைக்கு முன்னால் ராஜையனை நிறுத்தினார்கள். வலை ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். ராஜையன் மறுபடியும் கண்ணை மூடியிருந்தார். படத்துக்குத் திறக்கச் சொன்னார்கள். ராஜையன் திறந்தார்.